மூக்குக்கண்ணாடிக்கு நேரே ஒரு புள்ளடி

கிராம சபைத் தேர்தலில் நிற்க நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் என்னுடைய காற்சட்டை. ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்று அந்த நாட்களில் பலரிடம் கதைத்திருக்கிறேன். இப்போது எழுத உட்காரும்போது உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அறுபதுகளில் நாங்கள் சாம்பல்தீவில் குடியிருந்தோம். எனக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. வீட்டிலிருந்து பஸ் ஏறுகிற பெரிய வீதிக்கு வர ஒரேயொரு ஒழுங்கைதான். மாரி தொடங்கினால் அதன் நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பேன். கந்தோருக்குப் போய்ப் பைப்படியில் கால் கழுவுவேன். ஒருநாள் மேலதிகாரி அதைக் கண்டுவிட்டு, "என்ன, வயலிலயிருந்து நேர வாறீரோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வரும்போதே, அந்த ஒழுங்கைக்கு ஒரு மதகு போடாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எங்கள் வட்டாரத்து உறுப்பினர் ஒரு கரைவலைச் சொந்தக்காரர். ஊர் அவரைச் சம்மாட்டியார் என்றுதான் கூப்பிடும். தொடர்ந்து மூன்று முறை போட்டியே இல்லாமல் தெரிவானவர். மதகைப் பற்றி நான் எப்போது கேட்டாலும், "பிறகு பாப்பம் தம்பி" என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் "பிறகு" எனக்கு வராமலே இருந்தது.

அரசாங்க உத்தியோகத்தன் தேர்தலில் நிற்க ஏலாது. கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் வழி சொன்னார். "மனுசியைப் போடும். பேர்தானே அவவின்ரை. வேலை எல்லாம் நீர் பாக்கலாம்."

நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. கையெழுத்து வைச்சால் சரி. மிச்சத்தை நான் பாப்பன்."

"வெண்டுபோனால்?"

"வெண்டாலும் நான்தான் பாப்பன்."

அவள் மீனைப் புரட்டிப் போட்டாள். பிறகு, "அந்தப் பூனையைக் கலையுங்கோ, தலையைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகுது" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நியமனப் பத்திரத்தை நானே நிரப்பினேன். எழுத்துவேலை என் தொழில். ஒரு புள்ளி பிசகாமல், அழகான கையெழுத்தில் எழுதினேன். முன்மொழிய எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தார். வழிமொழிய வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த என் சிநேகிதர். நியமன நாளன்று லீவு எடுத்துக்கொண்டு அவளைக் கச்சேரிக்கு, மாவட்டத்துப் பெரிய அரசாங்கக் கந்தோருக்கு, கூட்டிப்போனேன். ஆனால் உள்ளே போக எனக்குத் துணிவில்லை. தெரிந்த உத்தியோகத்தர்கள் கண்டால் கதை வரும் என்று, வெளியே வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிள்களோடு சைக்கிளாக நின்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் வெளியே வந்தாள். பின்னால் சம்மாட்டியாரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். சம்மாட்டியார் என்னைக் கண்டு தலையசைத்துவிட்டுப் போனார். பஸ் உப்புவெளி தாண்டிய பிறகுதான் அவள் உள்ளே நடந்ததைச் சொன்னாள்.

உள்ளே ஒரு நீள வாங்கில் எல்லோரையும் இருத்தியிருக்கிறார்கள். சம்மாட்டியாருக்குப் பக்கத்தில்தான் இவளுக்கு இடம் கிடைத்தது. ஊரில் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான். இவள் என்ன செய்தாள் என்றால், என்னுடைய அழகான நியமனப் பத்திரத்தை அவரிடமே நீட்டி, "அண்ணை, இது எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டிருக்கிறாள்.

"அவரிட்டையோ?" என்று நான் பஸ்ஸுக்குள் கத்திவிட்டேன். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வேற ஆரிட்டைக் கேக்கிறது? நீங்கள் மரத்துக்குக் கீழ நிண்டீங்கள்."

அவர் கண்ணைச் சுருக்கி வாசித்திருக்கிறார். பிறகு சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி, வழிமொழிஞ்சவர் எங்கட வட்டாரம் இல்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் மற்ற வட்டாரம். இதை இப்பிடியே குடுத்தால் தள்ளிப்போடுவினம்."

அந்த வீட்டுக்கு முன்னால் நான் தினமும் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். வாக்காளர் இடாப்பை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும். நாலாவது தடவையும் போட்டியில்லாமல் உறுப்பினராகியிருப்பார். ஆனால் அவர் நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பக்கத்தில் நின்ற தன் மச்சானிடம், "நீ எனக்குக் கையெழுத்து வைக்கேல்லைத்தானே? இஞ்ச வா, அந்தப் பேரை வெட்டிப்போட்டுக் கையெழுத்து வை. தங்கச்சிக்கு வழிமொழி" என்று சொல்லியிருக்கிறார். மச்சான் முழித்தாராம். அவர், "வையடா" என்றாராம். மச்சானின் பேரையும் விலாசத்தையும் சம்மாட்டியாரே எழுதியிருக்கிறார். கோழி கிண்டின மாதிரி எழுத்து என்று அவள் சொன்னாள். தெரிவத்தாட்சி அலுவலர் அதை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்யிறீங்கள் எண்டு கேட்டனான்" என்றாள். "அதுக்கு அவர், மூண்டு தரம் சும்மா போயிட்டன் தங்கச்சி, ஊருக்கு என்னை விருப்பமோ, வேற ஆக்கள் இல்லையெண்டு விட்டு வைச்சிருக்கினமோ எண்டு எனக்கே தெரியாது, அதை ஒருக்காத் தெரிஞ்சுகொள்ள வேணும் எண்டவர்."

பஸ் பாலத்தைத் தாண்டியது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நேரம் எனக்கு நன்றி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நன்றி பிறகு, மெல்ல மெல்லத்தான் வந்தது.

சம்மாட்டியாருக்கு மணிக்கூடு சின்னம் கிடைத்தது. எங்களுக்கு மூக்குக்கண்ணாடி. உதயசூரியனைப் போல ஏதாவது கம்பீரமாகக் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வட்டாரம் முழுவதிலும் கண்ணாடி போட்டவர்கள் இரண்டோ மூன்று பேர்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. தென்னோலையில் கண்ணாடி முடைந்து போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடித் திரிந்தார்கள்.

வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போவது அவளுடைய வேலையாகிவிட்டது, நான் வெளியே தலைகாட்ட ஏலாதே. நான் கந்தோரால் வந்தவுடன் அவள் வெளிக்கிட்டுவிடுவாள். இரண்டு பெண்பிள்ளைகளையும் நான் பார்க்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு இரவே தலை பின்னிவைப்பதும் என் வேலையாயிற்று, அப்படித்தான் இரட்டைப் பின்னல் பின்னப் பழகினேன். முதல் கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் வாத்தியாரம்மாவிடம் ஏச்சு வாங்கினார்கள். இரண்டாம் கிழமை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் அவள் திரும்பி வந்ததும் ஆவலோடு கேட்டேன். "இண்டைக்கு எத்தினை வீடு?"

"ரெண்டு."

"ரெண்டோ? மூண்டு மணித்தியாலத்தில ரெண்டு வீடோ?"

"முதல் வீட்டில புளி உடைச்சுக்கொண்டிருந்தவை. சும்மா இருந்து பாக்க ஏலுமோ? நானும் கொஞ்சம் உடைச்சனான்."

"வோட்டுக் கேட்டீரோ?"

அவள் முகம் கழுவப் போனாள். போகும்போது, "அதை எப்பிடி அவையின்ர முகத்தைப் பாத்துக் கேக்கிறது?" என்றாள்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். என்னென்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். அவள் அதை மடித்து வாங்கிக்கொண்டாள். மறுநாளும் இரண்டு வீடு. அதற்கு அடுத்த நாள் மூன்று. ஒரு வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இன்னொரு வீட்டில் முழுப் பின்னேரமும் வலையின் கிழிசல்களைப் பொத்திக்கொண்டே கதைத்திருக்கிறாள். அப்படி என்னதான் கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "பெண்டுகளின்ர கதை" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் வராது. தேர்தலுக்குக் கட்டின கட்டுப்பணமும் போகப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாக்களிப்பு நாளில் பள்ளிக்கூடத்துக்குக் காலையிலேயே போய், மூக்குக்கண்ணாடிக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குசினிக்குள் புகுந்துவிட்டேன். அவளுக்கு முகவர்களாக இருந்த மூன்று பெண்களுக்கும் சோறு அனுப்ப வேண்டும். பத்து மணி போல மூத்த மகள் ஓடிவந்து, "அப்பா, பள்ளிக்கூடத்தில பெண்டுகளின்ர வரிசை கேற் வரைக்கும் நிக்குது!" என்றாள். நான் நம்பவில்லை. அகப்பையோடு வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ஒழுங்கையால் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். புளி உடைத்த வீட்டுக்காரி என்னைக் கண்டு சிரித்தாள். அதுவரை அவளை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

பின்னேரம் எண்ணினார்கள். கைவிரல்களுக்குள் அடங்குகிற வித்தியாசத்தில் மூக்குக்கண்ணாடி வென்றது. சம்மாட்டியார் திரும்ப எண்ணச் சொல்லிக் கேட்கவில்லை. எழும்பி வந்து, "இனி நீர்தான் பாக்க வேணும் தங்கச்சி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வீதியால் போகாமல் கடற்கரையால் நடந்து வீட்டுக்குப் போனார். அதன் பிறகு ஒரு மாதமாக அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

முதல் சபைக் கூட்டத்துக்கு முதல்நாள், மதகுக்கான பிரேரணையை நான் எழுதிக்கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் வாசித்துப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கிறீங்கள். இதைப் பிறகு பாப்பம்" என்றாள்.

சம்மாட்டியாரின் அதே சொல். எனக்குக் கோபம் வந்தது. "பிறகோ? இதுக்குத்தானே உம்மை நிப்பாட்டினது!"

"கிணத்தடிக்கு மதில் கட்ட வேணும். அதைத்தான் நாளைக்குக் கேக்கப்போறன்."

எங்கள் பக்கத்தில் வீட்டுக் கிணறுகளில் பெரும்பாலும் உவர்த்தண்ணி. நல்ல தண்ணீருக்குப் பெரிய வீதியோரம் ஒரு பொதுக்கிணறு இருந்தது. ஊரில் பாதிப்பேர் குளிப்பதும் தோய்ப்பதும் அதில்தான். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆறுதலாகக் குளித்துவிட்டு வருவேன். அதற்கு எதற்கு மதில் என்று கேட்டேன்.

"நிலாவெளிக்குப் போற பஸ் எல்லாம் அதாலதானே போகுது" என்றாள். "விடிஞ்சால் குளிக்க ஏலாது. நான் போன வீட்டில எல்லாம் பெண்டுகள் சொன்ன கதை அதுதான். குமர்ப்பிள்ளையள், பிள்ளைத்தாச்சியள், எல்லாரும் இருட்டோட எழும்பி ஓட வேணும். மழையெண்டாலும் பனியெண்டாலும் அப்பிடித்தான்."

நான் கேட்டேன். "அப்ப நீரும்?"

"கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த நாளிலயிருந்து. நீங்கள் அந்த நேரம் நித்திரை."

எட்டு வருடம். காலையில் எழும்பும்போது அவள் ஈரத்தலையோடு அடுப்படியில் நிற்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். விடிய எழும்புகிற சுறுசுறுப்பான மனைவி வாய்த்திருக்கிறாள் என்று கந்தோரில் பெருமையாகச் சொல்லியுமிருக்கிறேன்.

பிரேரணையை எடுத்து நானே கிழித்தேன். கிணற்றடி மதிலுக்கு வேறொன்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, ஆனால் சுருக்கமா" என்றாள்.

கூட்டத்தில் நடந்ததைப் பிறகு சபை எழுதுவினைஞர் எனக்குச் சொன்னார். மதில் எதற்கு, கிணற்றில் யாரும் விழுந்துவிட்டார்களா என்று தலைவர் கேட்டிருக்கிறார். அவள் எழும்பி, குனிந்த தலை நிமிராமல், "பெண்டுகள் குளிக்கேக்க பஸ்ஸில போற ஆம்பிளையள் பாக்கினம் ஐயா" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவர் செருமினாராம். இன்னொருவர் கூரையைப் பார்த்தாராம். பிறகு பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் சபையால் சீமெந்து மட்டும்தான் தர முடியும், கல்லையும் வேலையாட்களையும் ஊர்தான் சிரமதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தக் கிழமை நான் சம்மாட்டியாரைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். அவருடைய வாடிக் கொட்டிலில் வலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் போனேன். ஆனால் "கோவமோ அண்ணை?" என்றுதான் கேட்டேன்.

"கோவமில்லைத் தம்பி. தெரிய வேணுமெண்டு கேட்டன், தெரிஞ்சிட்டுது. தெரிஞ்ச பிறகு கொஞ்சம் நோகுது. அது பழகிப்போம்." பிறகு கேட்டார். "உம்மட மதகு எப்ப?"

மதகு இல்லை, மதில் என்று சொல்லி விஷயத்தை விளங்கப்படுத்தினேன். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ர பெட்டையள் நாலும் வீட்டுக் கிணத்திலதான் குளிக்குதுகள்" என்றார் கடைசியில். "அதால எனக்கு விளங்கேல்லை. மூண்டு தரம் உறுப்பினரா இருந்தும் விளங்கேல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வலை போடவில்லை. தன்னுடைய வலைக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு வண்டில் கல்லோடு கிணற்றடிக்கு வந்தார். கரைவலை இழுக்கிற கைகள் கல்லைப் பந்துபோல மாற்றி மாற்றி எறிந்தன. அவருடைய மச்சான் சாந்து குழைத்தார். நான் மணல் சுமந்தேன். பெண்கள் தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்த மூன்று ஞாயிறும் அதே வேலை. ஆள் உயரத்துக்கும் மேலே மதில் எழும்பி, வாசல் வீதிக்குத் தெரியாமல் பின்பக்கமாக வைக்கப்பட்டது.

மதில் முடிந்த பிறகு ஒருநாள் காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல வெயில். மதிலுக்கு உள்ளே வாளி மோதுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பெண்கள் ஏதோ சொல்லிப் பெரிதாகச் சிரிக்கிற சத்தம். அதில் என் மனைவியின் சிரிப்பும் இருந்தது. அவள் வெளியே அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பஸ் வந்து நின்றது. நான் ஏறாமல் அதை விட்டுவிட்டேன். அன்று கந்தோருக்குப் பிந்திப் போனதற்கு மேலதிகாரியிடம் என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் ஒரு தவணைதான் இருந்தாள். அதற்குள் இன்னும் சில காரியங்கள் நடந்தன. மதகு மட்டும் நடக்கவில்லை. உறுப்பினரின் புருஷன் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெள்ளத்தைக் கடப்பதை ஊர் பார்த்துப் பார்த்துச் சிரித்தது, நானும் சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபடியால் அடுத்த தேர்தலில் நிற்கமாட்டேன் என்றாள். சம்மாட்டியார் நின்றார். இன்னொருவர் எதிர்த்துப் போட்டியிட, நல்ல வித்தியாசத்தில் வென்றார். முதல் வருடமே மதகைப் போட்டும் தந்தார்.

அவர் வென்ற கையோடு ஒருநாள் பெண்சாதியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நானும் அவரும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தோம். குசினிக்குள் அவருடைய மனைவி என் மனைவியின் காதுக்குள் சொன்னாவாம்: "அந்தமுறை நான் உமக்குத்தான் புள்ளடி போட்டனான். இந்த மனுசன் ஊர்ச்சோலியை விட்டிட்டு வீட்டில கொஞ்சம் இருக்கட்டும் எண்டுதான். அவருக்குச் சொல்லிப்போடாதையும்."

என் மனைவி அதை எனக்கு மட்டும் சொன்னாள். நான் பல வருடம் காப்பாற்றினேன். கிராம சபைகளே இல்லாமல் போய்விட்ட பிறகு, அவருக்கும் வயதாகி, வலையை மருமகனிடம் கொடுத்துவிட்டிருந்த நேரத்தில், ஒரு பின்னேரம் கடற்கரையில் அவரோடு இருக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். நாப்பது வருசம் ஒண்டா இருக்கிறம். அவ முகத்தில எழுதியிருந்தது."

"கோவம் வரேல்லையோ?"

"வந்தது. கடற்கரையால நடந்து போகேக்க நல்லா வந்தது. வீட்டுக்குப் போனன். சோத்தைப் போட்டுவைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தா. ஊரில இத்தினை பேர் என்னை வேண்டாமெண்டு போட்டிருக்கினம், இவ ஒருத்திதான் நான் வீட்டுக்கு வேணுமெண்டு போட்டிருக்கிறா எண்டு நினைச்சன். பிறகு இருந்து சாப்பிட்டன்."